கையெழுத்தும் போட்டு, ஆட்சேபமும் சொன்னால்?

அமெரிக்க அதிபரின் மேசைக்கு வரும் பெரிய மசோதாக்கள் ஒரே விஷயத்தோடு நிற்பதில்லை. ராணுவத்துக்கான ஆண்டு மசோதா பல நூறு பக்கம் போகும். அதில் படைவீரர் சம்பளம் இருக்கும், கப்பல் வாங்கும் கணக்கு இருக்கும். நடுவில், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல், அதிபரின் அதிகாரத்தில் கைவைக்கும் ஒரு பிரிவும் இருக்கும். அது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று அவருடைய வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். மற்ற எல்லாம் வேண்டும், இது மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகள் போக 10 நாள் அவகாசம். என்ன செய்வது?

அந்த ஒரு பிரிவை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே 1996-ல் அதற்கு வழிசெய்து ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. சில செலவுகளையும் வரிச்சலுகைகளையும் மட்டும் அதிபர் ரத்து செய்யலாம் என்றது. கிளின்டன் அதைப் பயன்படுத்தினார், நியூயார்க் நகரம் வழக்குப் போட்டது, 1998-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சட்டத்தையே செல்லாது என்றது. இரு அவைகளும் நிறைவேற்றிய வாசகத்தை அதிபர் தன்னிச்சையாகத் திருத்தக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆக, கைவசம் இருப்பவை நாலு வழிகள். மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். கையெழுத்துப் போடாமலே சட்டமாக விடலாம். வாய் திறக்காமல் கையெழுத்திடலாம். அல்லது கையெழுத்தைப் போட்டுவிட்டு, 'இந்தப் பிரிவை நான் ஏற்கவில்லை' என்று ஓர் அறிக்கை வெளியிடலாம். கடைசி வழிதான் கையொப்ப அறிக்கை. சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான்.

இவற்றை ஒப்பிட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அதிபரின் ஆட்சேபம் நியாயமா என்பது அதில் இரண்டாவதுதான். அவர் சொல்லி முடித்த பிறகு காங்கிரஸுக்கோ நீதிமன்றத்துக்கோ பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மூன்று கிளைகளாக அதிகாரத்தைப் பிரித்தவர்கள், எந்தக் கிளையும் தன் எல்லையைத் தானே அளந்துகொள்ளக் கூடாது என்றுதானே பிரித்தார்கள்?

திருப்பி அனுப்புவது

அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கும் வழி இது. அதிபர் தன் ஆட்சேபங்களை எழுதி, மசோதா எந்த அவையில் பிறந்ததோ அந்த அவைக்கே அனுப்ப வேண்டும். அவை அதைத் தன் குறிப்பேட்டில் பதிந்து மறுபடி பரிசீலிக்கும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அதிபரை மீறிச் சட்டமாகிவிடும். பதில் சொல்லும் வாய்ப்பு என்ற அளவில் இதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது.

ஆனால் வீட்டோ எனப்படும் இந்த மறுப்புக்குத் தோற்கும் ஆபத்து உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்கள் சவுதி அரசின் மீது வழக்குப் போட வழிசெய்த மசோதாவை ஒபாமா 2016-ல் திருப்பி அனுப்பினார். செனட்டில் 97-1, பிரதிநிதிகள் சபையில் 348-77 என்று அவருடைய மறுப்பு தூக்கியெறியப்பட்டது. 2020 டிசம்பரில் டிரம்ப் ராணுவ மசோதாவை மறுத்தபோதும் அதே கதை. புத்தாண்டு தினத்தன்று செனட் 81-13 என்று அதைச் சட்டமாக்கியது.

தோற்றால் அதிபர் கெட்டுப்போவார் என்று சொல்ல வரவில்லை. ஒபாமாவும் டிரம்பும் தங்கள் எதிர்ப்பைப் பதிவுசெய்தார்கள், காங்கிரஸ் தன் பதிலைப் பதிவுசெய்தது, விஷயம் முடிந்தது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போர்க்காலத்திலோ, அரசு அலுவலகங்கள் பணமின்றிப் பூட்டப்படும் தறுவாயிலோ, ஒரு பிரிவுக்காக முழு ஒதுக்கீட்டு மசோதாவையும் திருப்பி அனுப்ப எந்த அதிபருக்கும் மனம் வராது. அது காங்கிரஸுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஊசி எப்போதும் பண மசோதாவிலேயே ஏறுகிறது.

கையெழுத்து இல்லாமல், அல்லது சத்தம் இல்லாமல்

10 நாளில் கையெழுத்துப் போடாவிட்டால், காங்கிரஸ் கூடியிருக்கும் பட்சத்தில், மசோதா தானாகவே சட்டமாகிவிடும். அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றச் சொன்ன 1995-ம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான் கிளின்டனின் கையெழுத்து இல்லாமல் அமலுக்கு வந்தது. ஆறு ஆறு மாதமாகத் தள்ளிப்போட அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்ததால், 2017 வரை வந்த அதிபர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். முகம் சுளிப்பதற்கு இது சரி. எந்தப் பிரிவு, ஏன் தவறு, நடைமுறைப்படுத்துவாரா மாட்டாரா என்ற எதையும் இது சொல்வதில்லை.

பேசாமல் கையெழுத்திடுவதில் ஒரு ருசிகரமான சம்பவம் உண்டு. 1941 மார்ச்சில் ரூஸ்வெல்ட், ஹிட்லரை எதிர்த்த நாடுகளுக்கு ஆயுதம் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிபரின் ஒப்புதல் இல்லாமலேயே இரு அவைத் தீர்மானம் ஒன்றின் மூலம் அவருடைய அதிகாரத்தைப் பறிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. சாசனப்படி அது செல்லாது என்பது ரூஸ்வெல்ட்டின் கருத்து. ஆனால் அப்போது அதைச் சொன்னால், 'பார், இந்த மனிதர் எந்தக் கட்டுக்கும் அடங்க மாட்டார்' என்ற எதிரிகளின் வாதத்துக்கு அவரே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். எனவே தன் ஆட்சேபத்தை ஒரு குறிப்பாக எழுதி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சனிடம் ரகசியமாகக் கொடுத்துவைத்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜாக்சன் 1953-ல்தான் அதை ஹார்வர்டின் சட்ட இதழில் வெளியிட்டார். ரூஸ்வெல்ட் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அரசியல் சாமர்த்தியமாக இதை ரசிக்கலாம்தான். ஆனால் என் அளவுகோலில் பூஜ்யம்: யாருக்குமே தெரியாத ஆட்சேபத்துக்கு யார் பதில் சொல்வது?

அறிக்கையோடு கையெழுத்து

இது ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1842-லேயே இதற்குச் சண்டை நடந்திருக்கிறது. தொகுதிப் பங்கீட்டு மசோதா ஒன்றில் கையெழுத்திட்ட அதிபர் ஜான் டைலர், தன் சந்தேகங்களை எழுதி மசோதாவோடு வெளியுறவுச் செயலரிடம் வைத்தார். முன்னாள் அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அவர் தலைமையிலான குழு, இது பொது ஆவணங்களைச் சிதைக்கும் செயல் என்று காய்ச்சி எடுத்தது.

1860-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. தலைநகருக்குக் குடிநீர் கொண்டுவரும் கால்வாய்ப் பணிக்குப் பணம் ஒதுக்கிய காங்கிரஸ், கேப்டன் மெய்க்ஸ் என்ற பொறியாளர்தான் அதை மேற்பார்க்க வேண்டும் என்று பெயரையே சட்டத்தில் எழுதிவைத்தது. படைத் தலைவர் என்ற முறையில் எந்த அதிகாரியை எங்கே அனுப்புவது என்பது தன் உரிமை, காங்கிரஸ் அதில் தலையிட நினைத்திருக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன் என்று அறிக்கை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டார் புக்கானன். சில மாதங்களில் மெய்க்ஸ் ஃப்ளோரிடாவுக்கு அப்பால் கடல் நடுவே இருந்த ஒரு கோட்டைக்கு மாற்றப்பட்டார்.

ஆண்ட்ரூ ஜான்சனின் கதையில் ஒரே நாளில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம். 1867 மார்ச் 2. செனட் சம்மதமின்றி அதிகாரிகளை நீக்கக்கூடாது என்ற மசோதாவை அவர் மறுத்தார், காங்கிரஸ் மறுப்பை மீறிச் சட்டமாக்கியது. அதே நாளில், ராணுவ உத்தரவுகள் எல்லாம் தலைமைத் தளபதி கிராண்ட் வழியாகத்தான் போக வேண்டும் என்ற பிரிவு கொண்ட ஒதுக்கீட்டு மசோதாவில், படைகளுக்குப் பணம் வேண்டுமே என்று எதிர்ப்பைத் தெரிவித்துக் கையெழுத்திட்டார். மறுவருடம் அவர்மீது பதவி நீக்க விசாரணை வந்தபோது இரண்டுமே குற்றப்பட்டியலில் இருந்தன. முதல் சட்டத்தை மீறிப் போர்த்துறைச் செயலரை நீக்கியது பிரதானக் குற்றம். இரண்டாவது சட்டம் சாசன விரோதம் என்று ஒரு ராணுவ அதிகாரியிடம் சொன்னது ஒன்பதாவது குற்றம். பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; 35-19 என்று ஒரே ஓட்டில் தப்பினார். காங்கிரஸ் நினைத்தால் இதுவரை போக முடியும் என்று ஞாபகப்படுத்தத்தான் இதைச் சொல்கிறேன்.

கையொப்ப அறிக்கைகள் எல்லாம் ஒரே ஜாதியும் இல்லை. மசோதாவைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லும் அறிக்கைகளை விட்டுவிடலாம். நீதிமன்றத்துக்குப் பொருள் விளக்கம் சொல்லும் வகை ஒன்று உண்டு. சட்டத்தின் பொருள் தெளிவாக இல்லாதபோது நீதிபதிகள் காங்கிரஸ் விவாதங்களைப் புரட்டுவார்கள். அதிபரின் கருத்தையும் புரட்டட்டுமே என்று ரீகனின் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் 1986-ல் ஏற்பாடு செய்தார். சட்ட வரலாற்றுத் தொகுப்பில் கையொப்ப அறிக்கைகளும் அச்சாகத் தொடங்கின. அந்த யோசனைக்குக் குறிப்பு எழுதிய இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் சாமுவேல் அலிட்டோ. கடைசி வார்த்தை அதிபருக்குப் போவதைக் காங்கிரஸ் ரசிக்காது என்று அப்போதே எழுதியிருந்தார். இவ்வளவு முயற்சிக்கும் பலன் குறைவுதான். 2006-ல், ராணுவ விசாரணையை எதிர்த்து ஒரு கைதி தொடுத்த ஹம்தான் வழக்கில் நீதிமன்றப் பெரும்பான்மை அதிபரின் அறிக்கையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா குறைபட்டுக்கொண்டார்.

கனமான வகைகள் மூன்று. இங்கேதான் நிதானமாக ஒப்பிட வேண்டும்.

முதல் வகை, 'செல்லாது என்று நினைக்கிறேன், ஆனாலும் நடைமுறைப்படுத்துவேன்' என்பது. 1943-ல் ஓர் அவசர ஒதுக்கீட்டு மசோதாவில் லவெட், வாட்சன், டாட் என்ற மூன்று அரசு ஊழியர்களின் பெயரைப் போட்டு, செனட் சம்மதத்தோடு மறுபடி நியமித்தாலொழிய இவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். கம்யூனிஸ்ட் சார்பு என்ற சந்தேகம். போர் நடக்கிறது, பணம் தேவை. ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார், அந்தப் பிரிவு சாசனத்துக்கு விரோதமானது என்பதையும் பதிவுசெய்தார். சம்பளம் நிறுத்தப்பட்டது. மூவரும் சம்பளம் இல்லாமலே கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரே அவர்கள் பக்கம் நின்றார். சட்டத்துக்காக வாதாடக் காங்கிரஸ் தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. விசாரணை இல்லாமல் பெயர் சொல்லித் தண்டிக்கும் சட்டம் இது என்று 1946-ல் உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. மூன்று கிளைகளும் தங்கள் வாதத்தை முழுசாகச் சொன்ன வழக்கு இது.

1996-ல் கிளின்டன் செய்ததும் இதே பாணி. எச்.ஐ.வி. தொற்று உள்ள படைவீரர்களைப் பணியிலிருந்து கட்டாயமாக நீக்க வேண்டும் என்ற பிரிவு ராணுவ மசோதாவில் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை போகும். கிளின்டன் கையெழுத்திட்டார், பிரிவு சாசன விரோதம் என்றார், நீதிமன்றத்தில் அரசு இதற்காக வாதாடாது என்றும் அறிவித்தார். அதே நேரம், நீதிமன்றம் சொல்லும்வரை நடைமுறைப்படுத்தாமல் இருக்கும் உரிமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வழக்குவரை போகவேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டே மாதத்தில் காங்கிரஸ் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

இந்த வகையின் குறை வெளிப்படையானது. தீர்ப்பு வரும்வரை யாரோ ஒருவர் பாதிப்பைத் தாங்கவேண்டும். லவெட்டும் மற்ற இருவரும் மூன்று வருடம் காத்திருந்தார்கள்.

இரண்டாவது வகை, 'இந்தக் குறிப்பிட்ட பிரிவை நடைமுறைப்படுத்த மாட்டேன்' என்று நேராகச் சொல்வது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் சரியான இடத்தில் இது வேலை செய்கிறது. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கர்கள் கேட்டால் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் 'இஸ்ரேல்' என்று எழுதவேண்டும் என 2002-ல் ஒரு சட்டம். எந்த நாட்டின் எல்லையை அங்கீகரிப்பது என்பது அதிபரின் வேலை, இது அதில் தலையிடுகிறது என்று அறிக்கை விட்டுக் கையெழுத்திட்டார் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். வெளியுறவுத் துறை எழுத மறுத்தது. அந்த வருடம் அங்கே பிறந்த ஒரு குழந்தையின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இது அரசியல் கேள்வி, எங்களுக்கு வேண்டாம் என்று கீழ் நீதிமன்றங்கள் ஒதுங்கப் பார்த்தன. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. 2015-ல், இடையில் அதிபரே மாறிய பிறகு, 6-3 என்று அதிபர் பக்கம் தீர்ப்பு வந்தது. நடைமுறைப்படுத்தாததே ஒரு வழக்காளியை உருவாக்கியது என்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முகவரி இருந்தது, மறுப்பு காகிதத்தில் இருந்தது, எந்தப் பிரிவு என்பதில் குழப்பம் இல்லை.

நேராகச் சொன்னால் நேராக அடியும் விழும். 1971-ல் வியட்நாம் போரை விரைவில் முடிப்பதே நாட்டின் கொள்கை என்று அறிவித்த ஒரு பிரிவை, கட்டுப்படுத்தும் வலு இதற்கு இல்லை என்று சொல்லி நிக்சன் கையெழுத்திட்டார். அடுத்த வருடம் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, சட்டத்தின் வலுவை அதிபரின் அறிக்கை பறிக்க முடியாது என்று எழுதினார்.

மூன்றாவது வகைதான் பிரச்சினை. 'இந்தப் பிரிவை அதிபரின் சாசன அதிகாரங்களுக்கு இசைவாகவே பொருள்கொள்வேன்' என்று மட்டும் சொல்வது. செய்வாரா மாட்டாரா? அறிக்கையைப் பத்து முறை படித்தாலும் தெரியாது.

2005-ல் கைதிகளைக் கொடூரமாக நடத்தத் தடைவிதித்த செனட் உறுப்பினர் மெக்கெயினின் திருத்தத்தை செனட் 90-9 என்று ஏற்றது. மறுப்பேன் என்று மிரட்டிப் பார்த்த வெள்ளை மாளிகை, டிசம்பரில் மெக்கெயினோடு சமாதானமாகி கேமராக்களின் முன் கைகுலுக்கியது. டிசம்பர் 30, வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கையெழுத்தோடு அறிக்கையும் வந்தது: நிர்வாகக் கிளையை மேற்பார்க்கும் அதிகாரம், படைத் தலைவர் என்ற அதிகாரம் ஆகியவற்றுக்கு இசைவாக இந்தத் தடை பொருள்கொள்ளப்படுமாம். அவசியப்பட்டால் மீறுவார் என்று அர்த்தமா? பாஸ்டன் குளோப் நாளிதழின் சார்லி சாவேஜ் இதைத் தோண்டி எழுதிய பிறகுதான் நாடு விழித்தது. அவருக்கு 2007-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. புஷ் இப்படி ஆட்சேபித்த பிரிவுகள் ஆயிரத்தைத் தாண்டும். 2006 ஜூலைவரை அவர் ஒரு மசோதாவையும் மறுத்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இங்கே என் அளவுகோல் உடைந்துபோகிறது. ரகசியச் சிறையில் இருக்கும் கைதி வழக்குப் போட முடியாது. மீறல் நடந்ததா என்றே தெரியாதபோது நீதிமன்றம் எதை விசாரிக்கும்? காங்கிரஸ் எதை ரத்து செய்யும்? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2007-ல் இப்படி ஆட்சேபிக்கப்பட்ட பிரிவுகளில் 19-ஐ எடுத்து, துறை துறையாகக் கேட்டு ஆராய்ந்தது. 10 எழுதியபடி நடைமுறையாயின, 6 ஆகவில்லை, 3-க்குச் சந்தர்ப்பமே எழவில்லை. அந்த ஆறும் அறிக்கையால்தான் நின்றனவா என்று தணிக்கை அலுவலகத்தாலும் சொல்ல முடியவில்லை.

இதை ஒரு கட்சியின் தலையில் கட்டவும் முடியாது. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ ராணுவச் சிறையின் கைதிகளை மாற்றுவதற்கு 30 நாள் முன்பே காங்கிரஸுக்குச் சொல்லவேண்டும் என்ற பிரிவில், சில சூழல்களில் இது அதிகாரப் பிரிவினையை மீறும் என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டு 2013 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்டார். 2014 மே மாதம் தாலிபான் பிடியிலிருந்த ஒரு படைவீரரை மீட்க ஐந்து கைதிகள் முன்னறிவிப்பின்றி விடுவிக்கப்பட்டார்கள். சட்டம் மீறப்பட்டது என்று தணிக்கை அலுவலகம் சொன்னது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வழியே இல்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு 2006-ல் சொன்ன பதில் சுலபமானது: பிடிக்காவிட்டால் மறுத்துவிடு, கையெழுத்திட்டால் முழுசாக நிறைவேற்று. கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், பண மசோதாவில் எதை ஒட்டினாலும் அதிபர் விழுங்கித்தான் ஆகவேண்டும். லவெட்டின் சம்பளத்துக்காகப் போர்ப்பணத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளின்டனின் நீதித் துறையில் சட்ட ஆலோசகராக இருந்த வால்டர் டெலிங்கர் போன்றவர்கள், அறிக்கையில் தவறில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம் என்றார்கள். நான் அவர்கள் பக்கம், ஒரு கண்டிப்போடு.

தனி மசோதா என்றால், காத்திருக்க முடியும் என்றால், வீட்டோதான். தோற்பது உறுதி என்று தெரிந்தாலும் அதுவே. ரஷ்யா மீதான தடைச் சட்டத்தை 2017-ல் செனட் 98-2, பிரதிநிதிகள் சபை 419-3 என்று நிறைவேற்றியபோது டிரம்ப் மறுக்கத் துணியவில்லை. குறைபாடுள்ள சட்டம் என்று திட்டிக்கொண்டே, பாஸ்போர்ட் வழக்கின் தீர்ப்பையும் மேற்கோள் காட்டிக் கையெழுத்திட்டார். மறுத்துத் தோற்றிருந்தால், அந்தப் பிரிவுகளைப் பற்றி காங்கிரஸ் ஒருமுறை வாதிட வேண்டியிருந்திருக்கும்.

பண மசோதாவில் ஒட்டிய பிரிவு என்றால், பாதிக்கப்படுகிறவர் வழக்குப் போடக்கூடியவர் என்றால், 1943-ம் 1996-ம் காட்டிய வழி: கையெழுத்து, தெளிவான ஆட்சேபம், நடைமுறை, வாதாட மறுப்பு. நடைமுறைப்படுத்தினால் கேள்வி என்றைக்குமே நீதிமன்றம் போகாது, மறுத்தால்தான் போகும் என்றால் பாஸ்போர்ட் வழி. அதிலும் பிரிவின் எண்ணைச் சொல்லி மறுக்கவேண்டும்.

மிச்சம் இருப்பது ரகசிய விவகாரங்கள். உளவு, கைதிகள், போர்க்களம். அங்கே வழக்காளி கிடைக்கமாட்டார், எனவே காங்கிரஸிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. சாசன விரோதம் என்று கருதி ஒரு சட்டப் பிரிவை நடைமுறைப்படுத்தாமல் விட்டால், அட்டர்னி ஜெனரல் 30 நாளுக்குள் காங்கிரஸுக்கு அறிக்கை தரவேண்டும் என்று 2002 நவம்பரில் சட்டமான நீதித் துறை மசோதா சொல்கிறது. அதில் புஷ் கையெழுத்திட்டார். தகவலை வெளியிடாமல் வைத்திருக்கும் அதிபரின் சாசன அதிகாரத்துக்கு இசைவாகவே இந்தப் பிரிவையும் பொருள்கொள்வோம் என்று கையோடு ஓர் அறிக்கையும் வெளியிட்டார்.